சாலம்மா அறுத்த வலை

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு இந்த ஓரம் போதும். நான் பென்னாகரம் வரைக்கும் வரல, அதுக்கு முன்னாடியே காளிக்காட்டுப் பிரிவுல எறங்கிருவேன். அங்க நிறுத்தமாட்டேன்னு கண்டக்டர் மூஞ்சியத் தூக்குவான். போன தடவ நான் போட்ட சத்தத்துல இப்ப பழகிட்டான். மூணாவது தடவயாப் போறேன், பொண்டாட்டியக் கூட்டியாற.

சிரிக்காதீங்க. உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலன்னு நெனக்கிறேன். ஆகட்டும், அப்புறம் இந்தச் சிரிப்பு வருதான்னு பாக்கலாம்.

என் மேல தப்பு இருந்தா நானே ஒத்துக்குவேன், அந்த மாதிரி ஆளுதான் நான். ஆனா இதுல என் மேல தப்பு இல்ல. அவ என் வலைய அறுத்துட்டா. புது வலை தம்பி. வாங்கி ஒரு வாரங்கூட ஆகல. அருவாள எடுத்து ஒரே வெட்டு. புருசன் வலைய ஒரு பொம்பள அறுத்தான்னு எங்க பக்கம் இதுக்கு முன்னாடி பேச்சே கெடையாது. அறுத்தவ அவ, கோவமும் அவளுக்கு. கோவிச்சுக்கிட்டு அண்ணன் ஊட்டுக்குப் போயி ரெண்டு மாசமாச்சு. நான் போயிக் கூப்புடணுமாம். என்ன நியாயம் இது, நீங்களே சொல்லுங்க. இல்ல, இப்ப சொல்லாதீங்க, முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

மேட்டூர் டேமு பாத்திருக்கீங்களா? பார்க்குல நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. நான் சொல்றது அந்தச் செவுத்துக்குப் பின்னாடி தண்ணி தேங்கி நிக்குதே, அந்த ஏரி. ஏரின்னா கொஞ்சநஞ்சமில்ல, நெறஞ்சு நின்னா எதிர்க்கரையில ஆள் நிக்குதா மாடு நிக்குதான்னு தெரியாது. அங்க மீன் புடிக்கிறவங்க நாங்க. எம்பேரு சித்தையன். எங்களுக்குப் போட்டெல்லாம் கெடையாது, பரிசல்தான். வட்டமா இருக்கும், முன்னும் கெடையாது பின்னும் கெடையாது. ஒரு பரிசலுக்கு ரெண்டு பேரு. ஆம்பள வலை போடுவான், பொம்பள துடுப்புப் போடுவா. எங்க கரையில நூறு பரிசல் இருந்தா நூத்துலயும் இதான் வழக்கம். ஆம்பள துடுப்பப் புடிச்சா, என்னய்யா இன்னைக்கு வளையல் போட்டுக்கிட்டு வந்தியான்னு கேப்பானுங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரு போனாக்கூட, எளையவன் துடுப்பத் தொட மாட்டேம்பான்.

என் பரிசலுக்கு சாலம்மாதான் துடுப்பு. சாலம்மான்னா என் சம்சாரம். இருபத்திரண்டு வருசம். ஒரே பொண்ணு எங்களுக்கு, தேன்மொழி, அவளக் கட்டிக் குடுத்து இப்பத் திருப்பூர்ல இருக்கா. அது பொறந்தப்ப மூணு மாசம் மட்டும் சாலம்மா தண்ணிக்கு வரல. மத்த நாளெல்லாம் நானும் அவளும் ஒரே பரிசல்தான். அவ மொகத்த நான் அங்க பாத்ததுகூட இல்ல, அவ முன்னாடி பாத்து உக்காந்திருப்பா, நான் வலையப் பாத்துக் குனிஞ்சிருப்பேன். முதுகுதான் தெரியும். முதுகு ஆடுறத வச்சே கோவமா இருக்காளா நல்லா இருக்காளான்னு சொல்லிருவேன். அவ்வளவு தெரியும் எனக்கு அவள.

அது கெடக்கட்டும். விசயத்துக்கு வரேன்.

ஆடி மாசம் மொத வாரம். எங்க மீனவர் சங்கத்துல புதுசா லைசென்ஸ் எடுத்து ஒரு புருசன் பொண்டாட்டி வந்திருந்தாங்க. அதுக்கு முன்னாடி கட்டட வேலைக்குப் போயிட்டிருந்தவங்க, தண்ணி பழக்கம் கெடையாது. சங்கத் தலைவரு என்னக் கூப்புட்டாரு. சித்தையா, இதுங்க ஏரியில எறங்குறதுக்கு முன்னாடி நீ நாலு வார்த்த சொல்லிக்குடு, உன்ன விட்டா இதுக்கு ஆளு இல்லன்னாரு. சும்மா சொல்லக் கூடாது, நெசந்தான் அது. எங்க கரையில என்னளவுக்கு அந்த ஏரியத் தெரிஞ்சவன் இல்ல. காலையில வலை எடுக்கப் போற நேரம்தான், இருந்தாலும் டீக்கடையில உக்கார வச்சு சொல்லிக்குடுத்தேன்.

என்ன சொன்னேன்னு உங்களுக்கும் சொல்றேன், நாளைக்கு நீங்களும் பரிசல் ஏறலாம். ஏறுறதுக்கு முன்னாடி அனல்மின் நிலையத்துப் புகையப் பாரு. புகை நேரா மேல போனா நீயும் போ. சாஞ்சு போனா சீக்கிரம் திரும்பு. படுத்துக்கிட்டுப் போச்சுன்னா வீட்டுலயே இரு. ஆடி மாசத்துல ஒம்பது மணிக்கு மேல தண்ணியில இருக்காத, பத்து மணிக்குக் காத்து வந்துரும். ஏறும்போது நடுவுல கால வையி, வெளிம்புல வச்சா கவுந்துரும். ஏறினா உக்காரு, எந்திரிக்காத. சங்கத்துல குடுத்த மெதவ சட்டைய, தண்ணியில விழுந்தா முங்க விடாதே அத, ரெண்டு பேரும் மாட்டிக்குங்க, வெக்கப்படாதீங்க. துடுப்புப் போடுறவ திரும்பலாம்னா திரும்பிரு, ஏன்னா அவதான் காத்தப் பாத்து உக்காந்திருக்கா, உனக்கு வலைதான் தெரியும். முக்கியமா ஒண்ணு, வலைக் கயித்த மட்டும் பரிசல்ல கட்டிராத. ஏன்னா, டேமு கட்டுறதுக்கு முன்னாடி அங்கெல்லாம் ஊரு இருந்துச்சு. புளிய மரத்துத் தூரெல்லாம் இன்னும் அடியிலதான் கெடக்கு. வலை அதுல மாட்டிக்கும். கயித்தப் பரிசல்ல கட்டியிருந்தா பரிசல் அலையோட ஏறி எறங்க முடியாது, இழுத்துப் புடிச்ச மாதிரி நின்னுக்கும், அலை உள்ள வந்துரும். கயிறு கையில இருந்தா விட்டுறலாம். வலை போனா போகுது.

இப்படி சொல்லிக்கிட்டு இருக்கேன், சாலம்மா துடுப்பத் தோள்ல வச்சுக்கிட்டு வந்து நிக்குறா. நேரம் ஆகுதுன்னா. இரு வரேன்னேன். போயிட்டு மறுபடி வந்து நின்னா. அந்தப் புதுப் பொண்ணு அவளப் பாத்து, அக்கா நீங்க ரெண்டு பேரும் இதெல்லாம் அப்படியே செய்வீங்களான்னு கேட்டுச்சு. சாலம்மா துடுப்ப அடுத்த தோளுக்கு மாத்தினா. மறுபடியும் நேரம் ஆகுதுன்னா. பொதுவா அவ பேச்சு அவ்வளவுதான்.

நாங்க தண்ணியில எறங்க எட்டரை ஆயிருச்சு. புகை சாஞ்சுதான் இருந்துச்சு. சாஞ்சா என்ன, அந்தப் புகைய இருபது வருசமாப் பாக்குறேன், சில நாளு சும்மா சாயும். மெதவ சட்டையா? அது வந்து, ரெண்டு குடுத்தாங்க. ஒண்ண என் டி.வி.எஸ். சீட்டு மேல கட்டியிருந்தேன், சீட்டு கிழிஞ்சிருச்சு, இது மெத்துன்னு இருக்கும். இன்னொண்ணு வீட்டுல ஆணியில தொங்குது. அது புதுசா வரவங்களுக்குத் தம்பி, எங்களுக்கு எதுக்கு? போன வருசம் அவ ஒரு நாளு அத மாட்டிக்கிட்டு வந்தா. பக்கத்துப் பரிசல்காரரு அத்தியண்ணன் பாத்துட்டு, என்ன சாலா, ஒகேனக்கல் டூருக்குப் போறியான்னாரு. கரையே சிரிச்சுச்சு. நானுந்தான் சிரிச்சேன். கழட்டி வச்சுட்டா, அதுக்கப்புறம் மாட்டல. ஆனா மாட்டாதேன்னு நான் ஒரு வார்த்த சொல்லல. அத நீங்க கவனிக்கணும்.

மூணு வலை போட்டிருந்தோம். மொத வலையில ஜிலேபி மீனும் நாலஞ்சு கெண்டையும். ரெண்டாவதுல ஒண்ணும் இல்ல. மூணாவதுதான் புது வலை, பழைய ஊரு முங்கிக் கெடக்குற பக்கமாப் போட்டிருந்தேன், அங்கதான் பெரிய மீனு நிக்கும். அங்க போகும்போதே தண்ணி கறுத்துப் போச்சு, காத்து வரப் போகுதுன்னு அர்த்தம் அது. சாலம்மா திரும்பலாம்னா. இன்னும் ஒரு வலைதானேன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி சொன்னா. சரி சரின்னு சொல்லிக்கிட்டே வலைய எடுக்க ஆரம்பிச்சுட்டேன். பாதி வலை வந்துருச்சு தம்பி. ரெண்டு கட்லா, ஒவ்வொண்ணும் என் கை நீளம். அதப் பாத்தா யாருக்குத்தான் விட்டுட்டு வர மனசு வரும்?

அப்ப வலை மாட்டிக்கிச்சு. தூருலதான் மாட்டியிருக்கும். இழுக்குறேன், வரமாட்டேங்குது. காத்து வந்துருச்சு, அலை அடிக்குது, பரிசல் அந்தாண்ட போகுது, வலை இந்தாண்ட இழுக்குது, கை ரெண்டும் அறுபடுது. சரி, ஒரு நிமிசம் கைய எடுத்துட்டு வேற பக்கமா இழுத்துப் பாக்கலாம்னு கயித்தப் பரிசல் வெளிம்புல ஒரு சுத்துச் சுத்தி வச்சேன். ஒரே நிமிசம். கட்டினேன்னு சொல்ல முடியாது அத. சுத்தி வச்சேன், அவ்வளவுதான். முடிச்சு? முடிச்சு ஒண்ணு போட்டேன். போடலன்னா நழுவிருமில்ல.

தண்ணி உள்ள வந்துச்சு. மொத அலையில முழங்கால் நனைஞ்சுது. ரெண்டாவதுல மீனெல்லாம் மெதக்குது. சாலம்மா துடுப்ப வேகமாப் போடுறா, பரிசல் நகரல, எப்படி நகரும். அறுத்துரு அறுத்துருன்னு கத்துறா. அவ அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல. நானும் பதிலுக்குக் கத்தினேன்.

“அறுத்தேன்னு வையி, உன் கைய ஒடிச்சுருவேன்.”

கோவத்துல சொன்னதுதான. ஒடிக்கவா போறேன். அவ திரும்பி என்னப் பாத்தா. அருவா அவ பக்கத்துலதான் கெடக்கும் எப்பவும். எடுத்தா, ஒரே வெட்டு. கயிறு தண்ணிக்குள்ள ஓடுது, கண்ணு முன்னாடி ஓடுது. நான் பாஞ்சேன், கயித்தப் புடிக்க. அந்த நேரத்துல பரிசல் கவுந்துருச்சு. அவ திடீர்னு அறுத்ததுலதான் கவுந்துச்சுன்னு நான் அன்னைக்கே எல்லாருகிட்டயும் சொன்னேன். அத்தியண்ணன் மட்டும், நீ எதுக்குய்யா எந்திரிச்சேன்னு கேட்டாரு. அவரு எங்க பாத்தாரு அத, அவரு அரை மைலுக்கு அந்தாண்ட இருந்தாரு.

சரி, கவுந்துருச்சு. ரெண்டு பேரும் தண்ணியில. நான் வலையோட மெதப்பப் புடிச்சுக்கிட்டேன், கயித்து முனையும் கைக்குக் கெடச்சுருச்சு. பரிசல் குப்புற விழுந்து காத்துல போகுது. அவ பரிசலுக்குப் பக்கத்துல இருக்கா. நான் அவளப் பாத்துக் கத்துறேன், பரிசலப் புடி, பரிசல் போகுது, நீந்திப் போயிப் புடின்னு. அவ தண்ணிக்குள்ள போயிட்டு மேல வந்தா. கையத் தூக்கினா. சரி, புடிக்கிறேன்னு சொல்றா போலருக்குன்னு நெனச்சேன். மறுபடியும் போன்னு கத்தினேன். மறுபடியும் கையத் தூக்கினா.

இருங்க தம்பி. கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க.

அத்தியண்ணனும் அவரு சம்சாரம் நாகம்மக்காவும்தான் வந்தாங்க. காத்துக்குள்ள துடுப்புப் போட்டு வந்துச்சு அந்தக்கா. என்கிட்ட வரல, நேரா சாலம்மாகிட்டப் போச்சு. துடுப்ப நீட்டுச்சு. சாலம்மா அவ துடுப்ப விடாமத்தான் வச்சிருந்தா, அந்தக் கட்டையக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கா, அதான் அவ்வளவு நேரம் தாங்கியிருக்கு. அவள இழுத்துப் போட்டுட்டுத்தான் என் பக்கம் வந்தாங்க. நான் அப்பவும் கயித்த விடல. அத்தியண்ணன் விடுய்யான்னாரு. விட்டேன். போயிருச்சு வலை. ரெண்டு கட்லாவும் போயிருச்சு.

கரையில கூட்டம். சாலம்மா குப்புறப் படுத்துத் தண்ணியக் கக்குறா. நாகம்மக்கா முதுகத் தேச்சு விடுது. நான் அங்க நின்னுக்கிட்டு, பாத்தீங்களா எல்லாரும், புது வலை, அறுத்துட்டா பாத்தீங்களான்னு சொல்றேன். அந்தப் புதுப் புருசன் பொண்டாட்டி வேற வந்து நிக்குதுங்க, காலையிலதான் சொல்லிக்குடுத்தேன், எனக்கு எப்படி இருக்கும்? பரிசலப் புடின்னா புடிக்கல, நாலு கை நீந்தினா எட்டியிருக்கும்னு சொன்னேன். அப்ப அவ மொகத்தத் தூக்கினா. மெதுவாத்தான் சொன்னா, எல்லாருக்கும் கேட்டுச்சு.

“எனக்கு நீச்சல் தெரியாது.”

என்ன தம்பி பாக்குறீங்க? நானும் இப்படித்தான் பாத்தேன். இருபத்திரண்டு வருசம் தண்ணியில இருந்தவளுக்கு நீச்சல் தெரியாதுன்னா யாரு நம்புவா? எங்க கரையில பொறந்த பொம்பளைங்க எல்லாத்துக்கும் தெரியும். அவ ஊரு காளிக்காடு, கேவுரும் சாமையும் வெளையுற காட்டூரு, அங்க ஆறும் கெடையாது ஏரியும் கெடையாது. அது எனக்குத் தெரியும். ஆனா வந்தப்புறம் கத்துக்கிட்டிருப்பான்னு நெனச்சேன். எப்பன்னு நெனச்சேனா? அப்படிக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல. நெனச்சேன்னுகூடச் சொல்ல முடியாது. தெரியும்னு இருந்தேன்.

ஏண்டி சொல்லலன்னு கேட்டேன். ஒரு நாளாச்சும் நீ கேட்டியான்னா. அவ்வளவுதான். எந்திரிச்சு வீட்டுக்குப் போனா. மறுநாளு காலையில மொத பஸ்ஸுக்குப் போயிட்டா. சோறு ஆக்கி வச்சுட்டுத்தான் போயிருந்தா.

இப்ப நீங்க சொல்லுங்க, சொல்ல வேண்டியது அவதான? வாயத் தொறந்து எனக்குப் பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கத்துக்குடுத்திருப்பேன். ஒரு வாரத்துல கத்துக்குடுத்திருப்பேன். தேன்மொழிக்கு நான்தான் கத்துக்குடுத்தேன், மூணு வயசுல. கரையில துண்ட வச்சுக்கிட்டுச் சாலம்மா உக்காந்திருப்பா. நீயும் எறங்குன்னு நான் கூப்புட்டதில்ல, அவளும் எறங்கினதில்ல. சீலை நனைஞ்சுரும்னு எறங்கலன்னு நெனச்சேன்.

மொத தடவ போனப்ப அவ வெளியவே வரல. மச்சான்தான் வாசல்ல நின்னு பேசினாரு. என் தங்கச்சியக் கொல்லப் பாத்தியான்னாரு. நானா கொல்லப் பாத்தேன், உங்க தங்கச்சிதான் என் வலைய அறுத்தாள்னு சொன்னேன். வாய்ச்சண்ட ஆகிப் போச்சு, திரும்பி வந்துட்டேன். தேன்மொழி போன் பண்ணி, அப்பா, நீ அம்மாகிட்ட மன்னிப்புக் கேளுன்னா. எனக்கு அதெல்லாம் வராது தம்பி. எங்க அப்பனுக்கும் வராது. வாய் வரைக்கும் வரும், அப்புறம் வேற எதையாச்சும் பேசிருவேன்.

நீங்க நெனக்கலாம், தனியாப் போக வேண்டியதுதானன்னு. தனியா ஏரிக்குப் போக முடியாது. போகவும் விட மாட்டாங்க, சங்கத்துல அது சட்டம். வேற ஆளக் கூப்புட்டுப் பாத்தேன். அத்தியண்ணன் மச்சினனக் கேட்டேன். என் பொண்டாட்டி உங்கூட அனுப்ப மாட்டா, அண்ணேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். நேத்து வந்த பையன். இன்னும் ரெண்டு பேரக் கேட்டேன். எல்லாருக்கும் ஒரு சாக்கு இருக்கு. அந்தப் புதுப் புருசன் பொண்டாட்டி ரெண்டும் மெதவ சட்டையப் போட்டுக்கிட்டு தெனம் போகுதுங்க, ஒம்பது மணிக்கெல்லாம் திரும்பி வருதுங்க. என்னப் பாத்தா வணக்கம் வேற வைக்குதுங்க. அன்னைக்குக் காத்து கரையில ஒதுக்கின என் பரிசல் அப்படியே குப்புறக் கெடக்குது. ரெண்டு மாசமா மீன் புடிக்கல நான். மீன விடுங்க, வீட்டுக்குள்ள ஒரு சத்தமும் இல்ல. அவ பேச மாட்டா, ஆனா பேசாத அவ இருந்தா ஒரு மாதிரி, அவளே இல்லன்னா வேற மாதிரி. அது உங்களுக்கு இப்பப் புரியாது.

ரெண்டாவது தடவ போனேன். அப்ப வெளிய வந்தா. எளச்சிருந்தா. கேவுரு அரைச்சுக்கிட்டு இருந்திருக்கா, கையெல்லாம் மாவு. வரேன்னா. எனக்கு அப்படியே, எப்படிச் சொல்ல, சந்தோசம். ஆனா ஒண்ணுன்னா. இனிமே வலை நான் போடுறேன், துடுப்பு நீ போடுன்னா.

எனக்கு ரத்தம் தலைக்கேறிருச்சு. ஊரு சிரிக்கும்டின்னேன். சிரிக்கட்டும்னா. ஏன் அப்படின்னு கேட்டேன். அவ அதுக்கு ஒண்ணு சொன்னா, இன்னும் எனக்கு அது சரியா வெளங்கல.

“அங்க உக்காந்து பாரு. அலை எந்தப் பக்கமிருந்து வருதுன்னு தெரியும். பின்னாடி இருக்கவன் சொன்னாத்தான் திரும்பலாம்னா எப்படி இருக்கும்னும் தெரியும்.”

நான் துடுப்புப் போடுறதா, செத்தாலும் மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். செத்தாலும்ங்கிற வார்த்த வந்திருக்கக் கூடாது, அன்னைக்கு நடந்ததுக்கு அப்புறம். வந்துருச்சு. அவ உள்ள போயிட்டா.

இது வரைக்கும் ஊருக்கே தெரியும். இனிமே சொல்லப் போறது யாருக்கும் தெரியாது. நீங்க பென்னாகரத்துல எறங்கி உங்க வழியப் பாத்துப் போயிருவீங்க, அதான் சொல்றேன்.

எங்க கரைக்கு மேக்கால ஒரு மடுவு இருக்கு, ஏரித் தண்ணி உள்ள வந்து நிக்குற எடம், சுத்தியும் கருவேல மரம், வெளிய இருந்து பாத்தா தெரியாது. பத்து நாளைக்கு முன்னாடி, விடிகாலையில, பரிசலத் தூக்கித் தலையில கவுத்துக்கிட்டு அங்க போனேன். என்ன பெரிய விசயம், கட்டையத் தண்ணியில போட்டு இழுக்கணும், பொம்பள செய்யுறத நான் செய்யமாட்டனா, ஒரு நாள்ல பழகிட்டு யாருக்கும் தெரியாம, ஊருக் கண்ணுல படாத பக்கமா அவளக் கூட்டிட்டுப் போயிக்கலாம்னு ஒரு கணக்கு.

சுத்துது தம்பி. நின்ன எடத்துலயே சுத்துது. இந்தப் பக்கம் போட்டா அந்தப் பக்கம் சுத்துது. அந்தப் பக்கம் போட்டா இந்தப் பக்கம். வேகமாப் போட்டா வேகமாச் சுத்துது. தலை கிறுகிறுத்துப் போச்சு. கரை பத்து அடியில இருக்கு, போக முடியல. துடுப்பத் தண்ணியில வீசிட்டேன் கோவத்துல. அப்புறம் குதிச்சு நீந்திப் போயி எடுத்துக்கிட்டு வந்தேன். மறுநாளும் போனேன். அதுக்கு மறுநாளும். இருபத்திரண்டு வருசம் அவ பின்னாடி உக்காந்திருந்தேன், அவ கை எப்படிப் போச்சுன்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், ஞாபகம் வரல. முதுகுதான் ஞாபகம் வருது. கைய நான் பாக்கவே இல்ல.

அஞ்சாவது நாளோ ஆறாவது நாளோ, நாகம்மக்கா வெறகு பொறுக்க அந்தப் பக்கம் வந்துருச்சு. நான் நடுவுல சுத்திக்கிட்டு இருக்கேன். ஓடி ஒளியவா முடியும்? நின்னு பாத்துச்சு. சிரிக்கப் போகுது, சாயங்காலத்துக்குள்ள கரை முழுக்கத் தெரிஞ்சுரும்னு நெனச்சேன். சிரிக்கல. சாலாவும் இங்கதான் வந்து பழகினா, கல்யாணமான புதுசுலன்னு சொல்லுச்சு. நீ வலை பின்ன உக்காந்ததும் தெனம் இங்க வந்துருவா, இப்படித்தான் சுத்துவா, அழுதுக்கிட்டே சுத்துவா, தண்ணியப் பாத்தா அவளுக்கு அவ்வளவு பயம்னுச்சு. சொல்லிட்டு வெறகத் தூக்கிட்டுப் போயிருச்சு. யாருகிட்டயும் சொல்லல இதுவரைக்கும்.

எனக்கு அன்னைக்கு அதுக்கு மேல துடுப்புப் போட முடியல. சும்மா உக்காந்திருந்தேன் பரிசல்ல.

முந்தாநாளு என்னாச்சுன்னா, மடுவுக்குள்ளயும் காத்து வந்துருச்சு. அதிகமில்ல, கொஞ்சந்தான். பரிசல வாயிப் பக்கமா, ஏரியப் பாத்துத் தள்ளிக்கிட்டுப் போகுது. நான் போடுறேன், போடுறேன், சுத்துதே ஒழிய நிக்கல. அலை எனக்கு நேரா வருது. வலை போடும்போது அலையப் பாக்குறதே இல்ல நான், முதுகுலதான் படும். இப்ப மூஞ்சிக்கு நேரா வருது, ஒவ்வொண்ணா, வர்றது தெரியுது. பயந்துட்டேன் தம்பி. ஒளிக்க என்ன இருக்கு, துடுப்ப மடியில போட்டுட்டு வெளிம்ப ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். எனக்கு நீச்சல் தெரியும். குதிச்சா அஞ்சு நிமிசத்துல கரை. எனக்கே அப்படி இருந்துச்சு. அவ எப்படி உக்காந்திருந்தா? தெனம் எப்படி உக்காந்திருந்தா? நான் பின்னாடி இருந்து, ம் போ, இன்னும் போ, இன்னும் ஒரு வலைன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன். அன்னைக்கு அவ தூக்கின கையி இப்பச் சோறு திங்கும்போது வருது. கண்ண மூடினா வருது. சரின்னு சொல்றான்னு நெனச்சேன் பாருங்க நான்.

ஆனாலும் வலைய அறுத்தது அறுத்ததுதான். அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். வேற யாரா இருந்தாலும்... சரி, விடுங்க. வேற யாரா இருந்தாலும் முன்னாடியே அறுத்திருப்பா.

பிரிவு வரப்போகுது. கண்டக்டர், காளிக்காட்டுப் பிரிவு, நிறுத்துப்பா, ஆமா நான்தான்.

நான் என்ன சொல்லப் போறேன்னா கேக்குறீங்க? மன்னிப்பெல்லாம் வாயில வராதுன்னு முன்னாடியே சொன்னேன். வழியெல்லாம் சொல்லிப் பாத்தேன், அது வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறேன் அவகிட்ட. சாலா, பத்து நாளா போட்டுப் பாக்குறேன், சுத்திக்கிட்டே இருக்குது, எப்படி அத நேராப் போக வைக்குறன்னு. மச்சான் இருந்தாலும் பரவால்ல, மச்சான் முன்னாடியே கேட்டுருவேன். சிரிப்பா. சிரிக்கட்டும். அவ சிரிச்சுட்டா, நான் போட்டுருவேன் துடுப்ப, கரையில நூறு பேரு நின்னு பாத்தாலும் போட்டுருவேன்.

சிரிக்கலன்னா என்ன பண்றதுன்னுதான் தெரியல.